இரண்டே முக்கால் மணி நேரம் என்கிற பொய்

போன மாதம் குருகிராமில் ஒரு கிரகப்பிரவேசம். நம்மூர்ப் பையன், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பதினான்காவது மாடியில் மூன்று படுக்கையறை. பால் காய்ச்சி, இட்லி வடை எல்லாம் ஆன பிறகு பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு பெரியவர், "அப்ப இனிமே இங்கேதானா? அப்பா அம்மா ஊர்ல தனியா இருக்காங்களே" என்று கேட்டார். பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாமா, சென்னையில இருந்தப்போ திருநெல்வேலிக்குப் பஸ்ல பதினோரு மணி நேரம். இப்போ தில்லியில இருந்து சென்னை ரெண்டே முக்கால் மணி நேரம். நீங்களே சொல்லுங்க, எது தூரம்?"

சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வடை தொண்டையில் நின்றது. ஏனென்றால் இதே வசனத்தை, வார்த்தை மாறாமல், 2006-ல் எங்கப்பாவிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு விசேஷ வீட்டில் சண்டை போட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனவே சொல்கிறேன்: அந்த இரண்டே முக்கால் மணி நேரம் பொய். தெரிந்தே நாம் சொல்லும் பொய். அதைப் பெற்றவர்களிடம் சொல்வது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இணையத்தில் தில்லி - சென்னை விமான தூரம் என்று தேடினால் ஏறத்தாழ 1,760 கி.மீ. என்று வரும். பக்கத்திலேயே பறக்கும் நேரம் என்று ஒன்று போட்டிருக்கும். சில தளங்களில் 2 மணி 10 நிமிடம், சிலவற்றில் இரண்டரை, டிக்கெட் விற்கிற தளங்களில் 2.45, 2.50, 2.55. ஒரே இரண்டு விமான நிலையங்கள், இத்தனை நேரங்கள் ஏன்?

1,760 என்பது பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூல் பிடித்தால் வரும் மிகக் குறைந்த தூரம். அந்த நூல் நாக்பூருக்குக் கொஞ்சம் மேற்கேயும் ஹைதராபாத்துக்குக் கிழக்கேயும் போகும். நம் ரயில் ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இட்டார்சி, நாக்பூர், வாரங்கல், விஜயவாடா என்று சுற்றி 2,180 கி.மீ. சொச்சம் ஓடுகிறது. ஜெட் விமானம் உச்சத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் போகிறது என்று வைத்து 1,760-ஐ வகுத்தால் 2 மணி 7 நிமிடம் வரும். முதல் ரகத் தளங்கள் இதைத்தான் செய்கின்றன. அதாவது தில்லி ஓடுபாதையின் நடுவில் ஏற்கனவே 830 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு விமானத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அது அப்படியே சென்னை ஓடுபாதையைக் கடந்து போகிறது. இறங்குவதைப் பற்றிப் பேச்சில்லை.

நிஜ விமானம் அந்த நூலின் மேல் போவதும் இல்லை. எந்தத் திசையில் காற்றோ அந்தத் திசை பார்த்து ஏறவேண்டும், வகுத்துவைத்த வான்பாதைகளில் புள்ளி புள்ளியாகப் போகவேண்டும், ராணுவத்துக்கு ஒதுக்கிய வானத்தைச் சுற்றிப் போகவேண்டும். நம் வானத்தில் 60 சதவீதம்தான் தடையில்லாமல் பயணிகள் விமானங்களுக்குக் கிடைக்கிறது, இதைத் தளர்த்தினால் வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே அறிவித்தார். அப்புறம் சென்னைக்குப் பக்கத்தில் வந்ததும் வரிசை. மழை மேகம் என்றால் கடல் மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வேறு ரகம். அது கதவை மூடித் தள்ளுவண்டி விமானத்தைப் பின்னால் தள்ள ஆரம்பிப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் வரை. தில்லியில் ஓடுபாதைக்கு உருண்டுகொண்டே போவது தனிப் பிரயாணம், ஹரியானா எல்லைக்கே கூட்டிப் போகிறார்களோ என்று தோன்றும். இதற்கும் மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கொழுப்புச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன, லேட் என்று பெயர் வாங்காமல் இருக்க. பதினைந்து நிமிஷத்துக்குள் இருந்தால் லேட்டே இல்லை என்பது இந்தத் தொழிலின் பொதுவழக்கம். என்னிடம் இருக்கும் பழைய டிக்கெட்டுகளில் 2.35 என்று இருக்கிறது, இப்போது அதே பாதைக்கு 2.50க்குக் குறைந்து காண்பதில்லை. விமானம் மெதுவாகிவிடவில்லை, நகரமும் கணக்குப்பிள்ளையும்தான் மாறியிருக்கிறார்கள்.

இதெல்லாம் சின்னப் பொய்கள். இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. விமானக் கம்பெனி ஒரு ஓடுபாதையிலிருந்து இன்னொரு ஓடுபாதைக்குக் கணக்குச் சொல்கிறது, அது அவர்கள் வேலை. என் சண்டை நம்மோடு. ஓடுபாதையில் நாம் குடியிருக்கவில்லை. அப்பா அம்மாவும் மீனம்பாக்கம் ஓடுபாதையில் பாய் போட்டுப் படுத்திருக்கவில்லை.

இப்போது என் கணக்கு. இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி 9.10-க்கு அக்கா போன். "தம்பி, அப்பா போயிட்டாரு." எங்கள் ஊர் எட்டயபுரம் பக்கம். நான் இருப்பது தில்லி மயூர் விஹாரில். அன்று ராத்திரி சென்னைக்கு 10.50-க்கு ஒரு விமானம் இருந்தது. கவுண்ட்டர் ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 9.50-க்கு மூடிவிடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் முப்பது கி.மீ. சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே ஓடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. அடுத்தது காலை 6 மணி. டிக்கெட் 14,300 ரூபாய். ஒரு வாரம் முன்னால் இதே பாதையில் ஆபீஸ் வேலையாகப் போனபோது 4,500. இது தவிர சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 9.55 விமானம், வேறு கம்பெனி, தனி டிக்கெட், 5,200.

ராத்திரி தூங்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு போன். சித்தப்பா, மாமா, ஊர்ப் பெரியவர்கள். எல்லோரும் ஒரே கேள்வி: "ஃப்ளைட்டுல ரெண்டரை மணி நேரந்தானப்பா, காலைல வந்துருவேல்லா? ஐஸ் பெட்டி சொல்லிருக்கு. எப்ப எடுக்கணும்னு ஊருக்குச் சொல்லணும்லா?" நான் காலை 12 மணி என்றேன். ஊரிலும் அப்படியே சொல்லிவிட்டார்கள்.

மூன்றரைக்குக் கிளம்பினேன். 6 மணி விமானம் 6.45-க்குத் தள்ளப்பட்டது. ஓடுபாதையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது விமானம் என்று கேப்டன் அறிவித்தார். சென்னையில் 9.25-க்குக் கதவு திறந்தது. தூத்துக்குடி கவுண்ட்டருக்கு ஓடினேன், மூடி அரை மணி நேரமாகிவிட்டது. என் கையில் பெட்டிகூட இல்லை, தோள்பை மட்டும். விமானம் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்ன செய்வாள் பாவம், கம்ப்யூட்டர் எனக்கு 'நோ ஷோ' என்று போட்டுவிட்டது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் கம்பெனி பொறுப்பேற்று அடுத்ததில் ஏற்றியிருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. 5,200 போச்சு. அடுத்த விமானம் 12.30, புது டிக்கெட் 7,900. மூன்று மணி நேரம் சென்னை விமான நிலையத்தில், காப்பி வாசனைக்கும் பட்டுப்புடவைக் கடை விளம்பரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கல்யாண கோஷ்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "சார் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா" என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு வாகைக்குளத்தில் இறங்கி, டாக்சி பிடித்து வீட்டு வாசலுக்குப் போனபோது 3.10. பந்தலில் இருந்த பாதி நாற்காலி காலி. வெளியூரிலிருந்து காலையிலேயே வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் பரபரத்தார்கள். நீர்மாலைக்கு என்னை அப்படியே, தில்லியில் போட்ட பேண்ட்டோடு இழுத்துப்போய் வேட்டி கட்டிவிட்டார்கள். அப்பா முகத்தை நான் பார்த்தது எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள்.

ராத்திரி 9.10 முதல் மதியம் 3.10 வரை. பதினெட்டு மணி நேரம். இதில் நான் வானத்தில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு.

இங்கே ஒரு கணக்கு. தில்லியிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்கோட்டில் சுமார் 2,200 கி.மீ. சென்னை வழியாகப் போனால் 1,760 கூட்டல் 530, ஆக 2,290. சுற்று வெறும் தொண்ணூறு கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு அது ஏழு நிமிஷ வேலை. எனக்கு அந்த ஏழு நிமிஷச் சுற்று, ஏறி இறங்கி மாறியதில், அரை நாளாக ஆனது. கிலோமீட்டரை வைத்துப் பிரயாணத்தை அளக்கிறவர்கள் இந்த ஒன்றை யோசித்துப் பார்க்கவேண்டும்.

"அன்னிக்கு உன் அதிர்ஷ்டம் அப்படி" என்று சொல்வீர்கள். சரி, 10.50 விமானம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ராத்திரி 1.40-க்குச் சென்னை. அந்நேரத்தில் தூத்துக்குடிக்கு விமானம் ஏது? டாக்சி என்றால் 550 கி.மீ.க்கு மேல், தூக்கமில்லாத டிரைவரை நம்பி ஒன்பது பத்து மணி நேரம். விடிந்து விமானத்தில் போனால் எப்படியும் பதினொன்றரை. ஆக மிக நல்ல அதிர்ஷ்டத்திலும் பதினாலு மணி நேரம். குருகிராம் தம்பி சொன்ன பஸ் பதினோரு மணி நேரம்தான்! அதுவும் சென்னையில் இருப்பவன் ராத்திரி பத்து மணிக்கு வாசலில் இறங்கினால் ஏதோ ஒரு பஸ் கிடைக்கும், நின்றுகொண்டாவது போய்விடலாம். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் வேறு, சென்னை எழும்பூரிலிருந்து நெல்லைக்கு எட்டு மணி நேரத்துக்குள் போகிறது. எது தூரம் என்று கேட்டானே, இதுதான் பதில்.

பொங்கலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தில்லியில் மூடுபனி உச்சத்தில் இருப்பது டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும். நம் ஆட்கள் ஊருக்குக் கிளம்புவது சரியாக அதே வாரம். தில்லியில் பனியில் இறங்க வசதி இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், தகுந்த கருவியும் பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால் ஓடுபாதையில் 50 மீட்டர் பார்வை இருந்தாலே இறங்கலாம். ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டர் வேண்டும். வந்து இறங்கிய விமானம் வாசலில் நிற்கும், உள்ளே நாம் உட்கார்ந்திருப்போம், வெளியே எதுவும் தெரியாது. ஒரு வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பொங்கிய பொங்கலை நான் டெர்மினலில் வீடியோவில்தான் பார்த்தேன்.

பணத்தையும் பேசிவிடுவோம். அவசரத்துக்குப் போகிறவனுக்கும் கோவாவுக்குக் கும்மாளம் போடப் போகிறவனுக்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. கடைசி நேரத்தில் வாங்குகிறவன் எப்படியும் வாங்குவான் என்று அதற்குத் தெரியும், அவ்வளவே. அரசாங்கம் நினைத்தால் இதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது பறக்கும் நேரத்தை வைத்துக் கட்டண வரம்பு போட்டார்கள், 2022 ஆகஸ்ட் 31-ல் எடுத்தார்கள். அப்புறம் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாகி, கட்டணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது தற்காலிகமாக ஒரு உச்சவரம்பு வந்தது. இந்தத் தடவை தூரத்தை வைத்து: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி.

நான் அன்றைக்கே உட்கார்ந்து எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். தில்லி - சென்னை 18,000 வகுப்பு. சென்னை - தூத்துக்குடி 530 கி.மீ., ஐந்நூறை முப்பது தாண்டிவிட்டது, எனவே 12,000 வகுப்பு. தனித்தனியாக வாங்கினால் வரம்புக்கு உட்பட்டே முப்பதாயிரம்! தில்லியிலிருந்து நேர் விமானம் இருக்கிற ஊர்க்காரனுக்கு அதிகபட்சம் பதினெட்டு. விமான தூரத்தை வைத்து நியாயம் செய்தால் இப்படித்தான் வரும். சின்ன ஊர்க்காரன் இரண்டு தடவை ஏறி இறங்குகிறான், இரண்டு தடவையும் கொடுக்கிறான்.

இதில் ரயில்வே எவ்வளவோ மேல். எத்தனையோ குறை சொல்லலாம், ஆனால் அவசர ஒதுக்கீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வி.ஐ.பி.க்கள்தான் பெரும்பாலும் தின்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் சாவு, சீக்கு என்று எழுதிக் கொடுத்தால் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். நம் எம்.பி. வீட்டு வாசலில் நின்று கடிதம் வாங்கி, ரயில் பவனில் கொடுத்து, சார்ட் வரும்வரை நகம் கடித்த தில்லித் தமிழர்கள் எத்தனை பேர்! வட அமெரிக்காவில் சில விமான நிறுவனங்கள் நெருங்கிய உறவு இறந்தால் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. அங்கே முடிகிறதென்றால் இங்கே ஒரு விமானத்துக்கு இரண்டே இரண்டு இருக்கை, கிளம்ப ஆறு மணி நேரம் இருக்கும்வரை, சாதாரண விலைக்கு ஒதுக்கி வைக்க முடியாதா? இறப்புச் சான்றிதழைப் பதினைந்து நாளில் கொண்டுவந்து காட்டச் சொல், காட்டாவிட்டால் மூன்று மடங்கு வசூலி. ஏமாற்றுவார்கள் என்பார்கள். ஏமாற்றட்டுமே, எத்தனை பேர் அப்பா செத்துவிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் கேட்கலாம். 2019-ல் தூத்துக்குடி ஓடுபாதை 1,350 மீட்டர். காற்றாடி வைத்த ஏடிஆர் மட்டும்தான் இறங்கும். 2025 ஜூலை 26-ல் புது முனையத்தைத் திறந்தார்கள், ஓடுபாதை இப்போது மூன்று கிலோமீட்டர். பெரிய ஜெட் தாராளமாக இறங்கும். தில்லியிலிருந்து தினம் ஒரு நேர் விமானம், மூன்றே கால் மணி நேரம். கூட்டம் வராது என்பார்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் ஆட்கள் தலைநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது, ஏனென்றால் நாம் எண்ணியதில்லை. சங்கம் வைத்து வருஷத்துக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தத் தெரிகிறது, ஆயிரம் கையெழுத்து வாங்கி அமைச்சகத்தில் கொடுக்கத் தெரியவில்லை.

எங்கள் காலனியில் ஒரு பெரியவர் இருந்தார். 1968-ல் மத்திய சர்க்கார் வேலைக்கு வந்தவர். ஒரு நாள் அவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் அப்பா இறந்தது 1974-ல். தந்தி வந்து, லீவு எழுதி, ஜி.டி.யில் ஏறி (தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-ல்தான் வந்தது), சென்னையில் மாறி ஊருக்குப் போய்ச் சேர நாலு நாள் ஆனதாம். "அழுதீங்களா மாமா?" என்றேன். "அழுதேன். ஆனா என்னை யாரும் ஒண்ணும் கேட்கலை. எனக்காக யாரும் காத்துக்கிட்டும் இருக்கலை. தில்லியில இருக்கான், வரமுடியாதுன்னு ஊருக்கே தெரியும். பெரியப்பா பையன் கொள்ளி வச்சான். நான் போனதும் அவனைக் கட்டிப் பிடிச்சு அழுதேன், முடிஞ்சுது."

இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அவருக்கு நாலு நாள், எனக்குப் பதினெட்டு மணி நேரம். ஆனால் அவர் தூரத்தில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் தூரத்தில் இருக்கிறேன் என்பதை நானே மறைத்து வைத்திருந்தேன், இரண்டே முக்கால் மணி நேரம் என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி. அதை நம்பித்தான் அப்பா இரண்டு நாளாக நெஞ்சு வலித்தும் "அவன் கூப்பிட்டா வந்துருவான், இப்ப எதுக்குத் தொந்தரவு" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் ஊர் பன்னிரண்டு மணி என்று சொன்னது, ஐஸ் பெட்டிக்காரன் இன்னும் எவ்வளவு நேரம் என்று மூன்று தடவை கேட்டான். தூரம் தெரிந்திருந்தால் அப்பா முந்தின நாளே எனக்குச் சொல்லியிருப்பார், நான் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இது என் ஊகம்தான். ஆனால் இந்த ஊகத்தோடுதான் இத்தனை வருஷமாக இருக்கிறேன்.

"அப்ப யாருமே ஊரைவிட்டு வரக்கூடாதுங்கிறியா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, நானே வந்தவன்தானே. சோறு இங்கே இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இங்கே இருக்கிறது. வாருங்கள், வீடு வாங்குங்கள், பால் காய்ச்சுங்கள். தூரத்தை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். தூரம் இவ்வளவு என்று தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். பக்கத்துத் தெருவில் யாரிடம் சாவி, எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி வண்டி யார் எடுப்பார், எந்த வலிக்கு உடனே எனக்குப் போன், எதற்குக் காலையில் போன். இதையெல்லாம் பேச நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மூடத்தான் விமான தூரம் வசதியாக இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து நான் தில்லிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ஒரு காகிதத்தில் எழுதினேன். காலை 6 மணிக்குப் போன் வந்தால் சாயங்காலம் ஆறு. மதியம் ஒரு மணிக்கு வந்தால், சென்னையில் கடைசி விமானத்தைப் பிடித்தால் ராத்திரி, விட்டால் மறுநாள் விடிந்து. ராத்திரி ஒன்பதுக்கு வந்தால் மறுநாள் மூன்று. பொங்கல் வாரம் என்றால் சொல்ல முடியாது. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அக்கா "இப்ப எதுக்குடா இதெல்லாம்" என்று கண்ணைக் காட்டினாள்.

அம்மா முழுசாகக் கேட்டாள். அப்புறம், "எய்யா, இத முன்னாடியே சொல்லிருக்கலாம்லா. நாங்க ரெண்டரை மணி நேரம்னுல்லா நெனச்சிட்டிருந்தோம்" என்றாள். காகிதத்தை வாங்கி நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை நான் போனபோது எனக்குத் தெரியாமல் இரண்டு காரியம் நடந்திருந்தது. ஒன்று, எதிர்வீட்டுப் பையன் நம்பரைத் தன் போனில் முதலாவதாகப் போட்டு வைத்திருந்தாள். இன்னொன்றை இட்லி பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "பெரியப்பா மவன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒனக்கு நேரமாச்சுன்னா அவன் கொள்ளி வச்சிருவான். நீ ஓடி அலையாம மெதுவா வா."

எனக்கு இட்லி இறங்கவில்லை. அவள் சட்னி போட்டுக்கொண்டே இருந்தாள்.

குருகிராம் தம்பிக்கு இதை அனுப்பத்தான் போகிறேன், கோபப்பட்டால் படட்டும். மற்றவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வருகிறது என்று வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக் கதவிலிருந்து ஊர் வீட்டுக் கதவு வரை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். புனே, அகமதாபாத், கொல்கத்தா, குவாஹாட்டி, எங்கே இருந்தாலும் சரி. எத்தனை மணி நேரம் வந்தது, வழியில் எத்தனை மாற்றம், கடைசி நேர டிக்கெட் எவ்வளவு என்று கீழே போடுங்கள். ஐம்பது ஊர்க் கணக்கு சேர்ந்தால் இருக்கை ஒதுக்கீட்டு மனுவோடு சேர்த்து அமைச்சகத்துக்குக் கொடுக்கலாம். மனுவை நான் எழுதுகிறேன், இங்கிலீஷும் இந்தியும் சரிபார்க்க ஆள் வேண்டும்.